பத்துப் பேர் கூடினால்தான் கதிஷ்

யூதர்களில் தாயோ தகப்பனோ இறந்தால், மகன் 11 மாதம் கதிஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து சொல்லிவிட முடியாது. பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடியிருந்தால்தான் அந்த ஜெபமே உண்டு. அப்பா திடீரென்று மாரடைப்பில் போனபோது, இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

நாங்கள் இந்திய யூதர்களில் பெனே இஸ்ரேல் வகையறா. மும்பைக்குத் தெற்கே, அலிபாக் பக்கம் நவ்காவில் கப்பல் உடைந்து கரையேறியவர்களின் வாரிசுகள் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கொங்கண் ஊர்களில் செக்காட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது என்பதால் ‘சனிவார் தேலி’ (சனிக்கிழமைச் செக்கார்) என்று பேர் வந்தது. அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம், அதனால் நான் வளர்ந்தது, படித்தது எல்லாம் சென்னையில். அங்கே யூதர்களுக்கென்று மிஞ்சியிருப்பது லாயிட்ஸ் சாலையில் ஒரு சிறிய கல்லறைத் தோட்டம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா ஏற்றும் விளக்கு, இறால் கிடையாது, கறி சாப்பிட்ட அன்று தயிர் கிடையாது. எனக்குத் தெரிந்த மதம் அவ்வளவுதான். அப்பா ஓய்வு பெற்று மும்பையை அடுத்த தாணேவுக்குத் திரும்பினார். 1879-இலிருந்து அங்கே எங்கள் ஜெப ஆலயம் இருக்கிறது. வேலை கிடைத்து நானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன்.

அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் துக்கம். சட்டையை நெஞ்சுப் பக்கம் கிழித்துவிட்டார்கள். கண்ணாடிகளைத் துணி போட்டு மூடினார்கள். தாழ்வான பலகையில்தான் உட்கார வேண்டும். முதல் சாப்பாடு நம் வீட்டு அடுப்பில் சமைத்ததாக இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து அவித்த முட்டையும் பருப்பும் வந்தன. அந்த வாரம் நான் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ‘மனசைத் தேற்றிக்கொள்’ என்று போனில் சொன்னவர்கள் யாரும் நினைவில் இல்லை. ‘இங்கே உட்கார், இதைச் சாப்பிடு’ என்றவர்களை மறக்கவே முடியாது.

அப்புறம்தான் கதிஷ். ஹீப்ரு படிக்க வராது என்பதால், ‘யித்கதல் வெயித்கதஷ்’ என்று தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ‘ப’ எங்கே அழுத்தம், எங்கே மென்மை என்று காட்ட எழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் புள்ளி. முதல் சில வாரம் ஒரே முனகல். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த பெரியவர், “சத்தமா சொல்லு பேட்டா, நீ சொன்னாத்தானே நாங்க ஆமென் சொல்ல முடியும்” என்று முதுகில் தட்டுவார்.

அர்த்தம் தெரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அராமேயத்தில் உள்ள அந்த ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முழுக்க முழுக்கக் கடவுளின் பெயரைப் புகழ்வதுதான். அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு நான் எதற்காகப் புகழ வேண்டும்? பெரியவரிடமே கேட்டேன். “அது உனக்கும் அவருக்கும் உள்ள சண்டை. நாளைக்குக் காலையில வந்துடு” என்றார். விளக்கம் என்று ஆரம்பித்திருந்தால் ஒருவேளை போயிருக்க மாட்டேன்.

1948-க்குப் பிறகு எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபோய்விட்டார்கள். இந்தியா முழுக்க இப்போது சில ஆயிரம் பேர்தான் இருப்போம். வார நாளில் பத்து ஆண்கள் சேர்வது லேசில்லை. ஒன்பது பேரோடு மற்ற ஜெபங்களைச் சொல்லி முடித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம். முட்டி வலியோடு ஆட்டோ பிடித்து, என் அப்பாவை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் பத்தாவது ஆளாக வந்து இறங்குவார். அந்தக் காலைகளில்தான் எனக்குள் ஏதோ இளகியது. கடவுள் கேட்கிறாரா என்பது அப்போதும் தெரியாது. இவர் வந்திருக்கிறாரே, சொல்லாமல் போவது எப்படி என்றுதான் எழுந்து நின்றேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே, எப்போது என்று தெரியாமல், உண்மையிலேயே கடவுளிடம் பேச ஆரம்பித்திருந்தேன்.

காலை ஜெபத்தில் கட்டிக்கொள்ளும் தெஃபிலின், அப்பாவுடையது, பீரோவில் வெல்வெட் பையில் இருந்தது. வேத வசனங்கள் வைத்த இரண்டு கறுப்புத் தோல் பெட்டிகள், நீண்ட வார். இடது கையில் ஏழு சுற்று சுற்ற வேண்டும். இறுக்கிக் கட்டினால் தடம் பதிந்துவிடும். “கையில் என்ன சார்?” என்று ஆபீஸில் கேட்பார்கள். அந்தத் தடத்தைச் சட்டைக்கையால் மூடாமல் விட எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

வீட்டுச் சடங்குகளை அம்மாதான் மீட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கறுப்புத் திராட்சையை ஊறப்போட்டு, பிசைந்து, துணியில் வடிகட்டுவார். ராத்திரி கித்தூஷ் என்ற ஓய்வுநாள் ஆசீர்வாதத்துக்கு அந்தச் சாறுதான். துக்கம் முடிந்த பிறகு எலியாஹு தீர்க்கதரிசியின் பெயரால் மலிதா என்ற படையல் வைத்தோம். அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், மேலே பேரீச்சம்பழமும் மற்ற பழங்களும். அது எங்கள் சமூகத்துக்கே உரிய வழக்கம்.

ஏழு நாள் துக்கம் கழிந்தாலும், பெற்றோருக்கான துக்கம் மொத்தம் ஒரு வருஷம். கதிஷ் மட்டும் ஏன் 11 மாதத்தில் நிற்கிறது? இறந்த பின் மகா பாவிக்குத்தான் 12 மாதத் தண்டனை என்பது நம்பிக்கை. மகன் 12 மாதமும் சொன்னால் தகப்பனைப் பாவி என்று சொல்வது போலாகிவிடுமாம். இந்த நாசூக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கடைசி நாள் சொல்லி முடித்தபோது, நிறுத்த வேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தமாக இருந்தது.

இனி அப்பாவின் நினைவுநாள்தான். நம் ஊர்த் திதி மாதிரி அது ஹீப்ரு நாட்காட்டிப்படி வரும். முந்தைய மாலையே விளக்கேற்ற வேண்டும், கதிஷும் உண்டு. மற்ற நாட்களில், அம்மாவை இழந்த ஒரு பையனுக்காக இப்போது போன் வருகிறது: “ஒன்பது பேர் இருக்கோம், கிளம்பு.” காலை மீட்டிங்கைப் பத்தரைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.