பெயர் இரண்டானால் மேற்கோளும் இரண்டாகும்: பதவி உயர்வுக்கு எச்-இன்டெக்ஸ் எடுத்த பாடு

கட்டுரைப் பிரதிகள், இணை ஆசிரியர்களின் கடிதங்கள், சான்றிதழ்கள் எல்லாம் சிக்கலில்லாமல் சேர்ந்தன. விண்ணப்பத்தை இழுத்தடித்தது படிவத்தின் ஒரே ஒரு கூடுதான்: ‘மொத்த மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ்’. நம் கட்டுரையை இன்னொரு கட்டுரை எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். குறைந்தது மூன்று மேற்கோள் பெற்ற கட்டுரைகள் மூன்று இருந்தால் எச் 3, நான்கு மேற்கோள் பெற்றவை நான்கு இருந்தால் எச் 4.

முதல் வில்லங்கம் நம் பெயர். குமாரசாமியின் மகள் செல்வராணி என்று வையுங்கள். சஞ்சிகைகளின் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஒரு சஞ்சிகையில் ‘செல்வராணி, கே.’ என்று போகும், இன்னொன்றில் ‘குமாரசாமி, எஸ்.’ என்று போகும். மேற்கோள்களை எண்ணித் தரும் சந்தாத் தளமான ஸ்கோபஸின் கணினிக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் மூன்றாவது ஆளும் பிறந்துவிடுவார். ஆகவே உங்களைத் தேடும்போது அப்பாவின் பெயரிலும் தேடுங்கள், நிறுவனத்தின் பெயரிலும் தேடுங்கள்.

பிரிந்து கிடப்பவற்றைச் சேர்க்கச் சந்தா தேவையில்லை. இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஆசிரியர் திருத்தப் பக்கத்தில் உங்கள் பதிவுகள் அத்தனையையும் தெரிவு செய்து, எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்று குறித்து அனுப்பலாம். அனுப்புமுன் பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதே பெயருள்ள வேறொருவரின் இதயநோய்க் கட்டுரை நம் தேயிலை மண் கட்டுரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே விட்டால் நேர்முகத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். திருத்தம் உடனே வராது, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு வெகு முன்னரே தொடங்குங்கள்.

சேர்ந்த பிறகு எச்-இன்டெக்ஸ் இரட்டிப்பாகும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பதிவில் 12, 9, 4, 1 மேற்கோள்கள். மற்றதில் 8, 6, 3. இரண்டுக்கும் எச் 3. சேர்த்தால் 12, 9, 8, 6, 4, 3, 1. இப்போது எச் 4 மட்டுமே, 6 அல்ல. ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருந்தால்தான் 5 ஆகும்.

சுயமேற்கோளை, அதாவது நம் கட்டுரையை நாமே எடுத்துக்காட்டியதைக் கழித்த கணக்கும் கேட்டார்கள். அதற்கு ஸ்கோபஸ் சந்தா உள்ள வலையமைப்பு வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டிப் பக்கம் ஒரு நூலகத்துக்கு இறங்கினால், சந்தா இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்று கவுண்டரில்தான் சொன்னார்கள். முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

அடுத்தது எழுதுவினைஞர். கூகுளின் இலவச ஆய்வுத் தேடல் தளமான கூகுள் ஸ்கொலரின் தாளையும் ஸ்கோபஸ் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ரெண்டும் ஒரே ஆளுக்குத்தானே மிஸ், அப்ப ஏன் வேற வேற நம்பர்? ஒன்ன திருத்திட்டு வாங்க.” திருத்த அதில் ஒன்றுமில்லை. ஸ்கொலர் ஆய்வேடு, அறிக்கை, முன்பிரதி (சஞ்சிகையில் வருமுன் இணையத்தில் இடும் பிரதி) எல்லாவற்றிலிருந்தும் எண்ணும். ஸ்கோபஸ் தான் சுட்டியிடும் சஞ்சிகைகளிலும் நூல்களிலும் மாநாட்டுத் தொகுப்புகளிலும் மட்டும் எண்ணும். இதை நூலகரிடம் நான்கு வரிக் கடிதமாக வாங்கி, றப்பர் முத்திரையோடு வைத்ததும் கோவை நகர்ந்தது. நாம் எவ்வளவு விளக்கினாலும் நகராதது முத்திரைக்கு நகரும். அச்சிடும்போது உலாவியின் தலைப்பு, அடிவரியை இயக்கிவிடுங்கள். திகதியும் பக்க முகவரியும் தாளிலேயே விழும். இல்லாவிட்டால் ‘எப்ப எடுத்தது?’ என்று மறுபடி ஒரு கேள்வி.

ஸ்கொலரில் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல் வரும்படி மாற்றுங்கள். ஒரே கட்டுரை இரண்டு முறை வந்தால் இரண்டையும் தெரிவு செய்து இணைக்கலாம். மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி தெரிந்தால் மிரள வேண்டாம், இணைத்த கட்டுரைக்கு அப்படி வரும்.

உண்மையில் எரிச்சல் தந்தது வேறு. மருத்துவருக்கும் கணிதக்காரருக்கும் மலையக வரலாற்றைத் தமிழில் எழுதுபவருக்கும் அதே ஒரு கூடு! பௌதிகவியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த இந்த எச் எண்ணுக்குத் துறை தெரியாது. மருத்துவத்தில் மேற்கோள்கள் வேகமாகக் குவியும், கணிதத்தில் மெதுவாகவே வரும். தமிழில் வந்த நூலும் கட்டுரையும் பெரும்பாலும் இந்தத் தளங்களின் கண்ணிலேயே படாது.

இதற்கு ஒரு மாற்று, துறைசார் மேற்கோள் தாக்கம். அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிடும்; 1.00 என்றால் உலக சராசரி, 1.50 என்றால் சராசரியைவிட 50 சதவீதம் அதிகம். 2022இல் வந்த திறந்த ஆய்வுத் தரவுத்தளமான ஓப்பன்அலெக்ஸில் இப்படியான எண்ணை இலவசமாகவே பார்க்கலாம், தலவாக்கலையில் வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆனால் கட்டுரைகள் குறைவாக இருந்தால், ஒரே ஒரு கட்டுரை சராசரியைத் தூக்கிவிடும். அதனால் எண்ணோடு கட்டுரைகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். கூட்டுக்குள் இது அடங்காது. பின்னிணைப்பாக வைத்தோம், ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழ் நூல்களுக்கு எந்தெந்த ஆய்வேடுகளில், எந்தப் பக்கத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கையால் பட்டியலிட்டு, அந்தப் பக்கங்களின் பிரதியும் வைக்க வேண்டும். வேலை அதிகம், ஆனால் வேறு வழியில்லை. இனி அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரே பெயர் வடிவத்தோடு ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் 16 இலக்க ஓர்கிட் எண்ணையும் சமர்ப்பிக்கும்போதே போடுங்கள். சஞ்சிகை கேட்கவில்லை என்றால் ஆசிரியர் குழுவுக்கு எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். அச்சான பிறகு பெயரை மாற்றுவது எளிதல்ல.