சும்மா இருந்தால் அணைந்துவிடும் கம்ப்யூட்டர்: ஒரு பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு மூன்று வாரம்

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். வீட்டில் சி++ எழுதிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். நானே அசெம்பிள் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சென்னை ரிச்சி தெருவில் ஐ5-4570 பிராசஸரும் எச்81 மதர்போர்டும் 8 ஜிபி டிடிஆர்3 ராமும் செகண்ட் ஹேண்டில் கிடைத்தன. 2013-இல் வந்த பிராசஸர்தான் என்றாலும் பள்ளிப் பாடத்துக்கு இது தாராளம். கேபினெட், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குத் தரும் பெட்டி) மூன்றும் என் பரணில் இருந்த பெண்டியம் 4 காலத்துச் சொத்து.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பெரிய எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மாட்டினேன். அதற்குக் கீழே இருந்த சின்னக் கட்டத்தைப் படிக்கவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் சந்தேகம் 20 பின், 24 பின் விஷயத்தில் வந்தது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 20 பின் கனெக்டர். போர்டிலோ 24 ஓட்டை. 20 பின்னை ஒரு ஓரமாகச் சேர்த்துக் குத்தினால் சரியாக உட்காரும், நான்கு ஓட்டை காலியாக நிற்கும். காலியாக நிற்கும் நான்கும் புதிய வேலை எதற்கும் வந்தவை அல்ல. 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட், எர்த் இவற்றுக்கு இன்னும் ஒவ்வொரு கம்பி கூடுதல், அவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்டு மாட்டினால் அது ஸ்லாட் வழியாகவே 75 வாட்ஸ் வரை இழுக்கும். 20 பின்னில் 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு கம்பி என்பதால் அப்போது கனெக்டர் சூடாகும். கார்டு இல்லாத இந்த மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை. பிராசஸருக்குத் தனியாக வரும் 4 பின் கனெக்டரை மட்டும் மறக்காமல் மாட்ட வேண்டும். அதை மாட்டாவிட்டால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது.

பவர் பட்டனை அழுத்தினேன். வந்தது. லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டேன். ஒரு வாரம் என் மேசையிலேயே ஓடியது, ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினேன். எஸ்எம்பிஎஸ்ஸில் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் முனை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதனால் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று. மறுபடி மின்ட் போட்டு, வேகம் பார்த்து மகிழ்ந்து, அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் லாகின் திரை நிற்கிறது. நான் லாகின் செய்துதான் விட்டுப் போயிருந்தேன்.

மறுபடி விட்டுப் பார்த்தேன். இருபது நிமிடம் கழித்துக் கண் முன்னாலேயே திரை கறுத்து, ஒரு நொடி எல்லாம் நின்று, தானாக மறுபடி எழுந்தது. நடப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் சிஸ்டம் லாகைத் திறந்தேன். கடைசி வரி ஏதோ சாதாரணச் செய்தி, அடுத்த வரியே புதிய பூட். ஷட் டவுன் ஆனதற்கான ஒரு வரிகூட இல்லை. மென்பொருள் தடுமாறினால் பெரும்பாலும் ஏதாவது எழுதிவிட்டுப் போகும். எழுதக்கூட நேரமில்லாமல் போனால் நான் மின்சாரத்தைத்தான் சந்தேகிப்பேன்.

ஆனால் மாற்றியது எஸ்எஸ்டியை. அதனால் பழி முதலில் அதன் மேல்தான் விழுந்தது. வேறொரு எஸ்எஸ்டி போட்டேன், அதே கதை. சாட்டா கேபிளை மாற்றினேன், அதே. ராமாக இருக்குமோ என்று இரவு மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை நிரலை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் ஒன்பது மணி நேரம் ஓடி, ஒரு பிழையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அணையவே இல்லை. ராம் நல்லது என்று எழுதிக்கொண்டேன். ஒன்பது மணி நேரம் அணையாமல் இருந்ததே, அது ஏன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. விடையில் பாதி அதில் இருந்தது.

ரிச்சி தெருவில் போர்டு வாங்கிய கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

“வாட்ஸ் பத்தல சார். 600 போடுங்க, சரியாயிடும்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து அதையே சோதித்தேன். வாட்ஸ் போதவில்லை என்றால் பிராசஸரை முழு மூச்சாக ஓடவிட்டால் உடனே விழ வேண்டும். நான்கு கோரையும் நூறு சதவீதத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். விழவில்லை. அடுத்து இரண்டு மணி நேர வீடியோ ஓட்டினேன். விழவில்லை. நிறுத்திவிட்டு மவுசைத் தொடாமல் உட்கார்ந்தேன். பதினான்காவது நிமிடம் விழுந்தது.

வேலை கொடுத்தால் நிற்கிறது, ஓய்வு கொடுத்தால் விழுகிறது. மெம்டெஸ்ட்டும் பிராசஸரை ஓயவிடாமல் வேலை வாங்கும் நிரல்தான். அது ஒன்பது மணி நேரம் ஓடியதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

விடையின் மறுபாதி தற்செயலாகக் கிடைத்தது. பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்த படங்களை எடுக்க, மோலக்ஸ் என்ற பழைய நான்கு முள் பவர் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கம்பி ஒன்று வாங்கி அதையும் கூடவே மாட்டினேன். அன்று இரவு முழுவதும் சும்மா விட்டிருந்தேன். காலையில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. டேட்டா கேபிளைக் கழற்றி, பவரை மட்டும் விட்டுப் பார்த்தேன். அப்போதும் அணையவில்லை. பவரையும் கழற்றினேன். அரை மணிக்குள் விழுந்தது.

அந்த டிஸ்க் அங்கே செய்த ஒரே வேலை, மோட்டாரைச் சுற்ற 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் எடுத்தது. எஸ்எஸ்டி 12 வோல்ட்டைத் தொடுவதே இல்லை, 5 வோல்ட்டில் பிழைக்கும்.

இப்போது ஸ்டிக்கரின் சின்னக் கட்டத்தைப் படித்தேன். 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர், 3.3 வோல்ட்டுக்கு 28, 12 வோல்ட்டுக்கு வெறும் 15. அதாவது 12 வோல்ட்டில் 180 வாட்ஸ்தான். இது பெண்டியம் 3 காலத்து அமைப்பு. அன்றைக்குப் பல போர்டுகளில் பிராசஸருக்கான மின்சாரம் 5 வோல்ட்டிலிருந்துதான் போனது. 2000-இல் பெண்டியம் 4 வந்தபோதுதான் அந்த 4 பின் கனெக்டர் பிறந்து, பிராசஸர் 12 வோல்ட்டுக்கு மாறியது. என்னுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் 4 பின் கம்பி இருந்தது, ஆனால் உள்ளே மனசு பழைய மனசு.

இந்த மாதிரிப் பழைய எஸ்எம்பிஎஸ்களில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தப்படுவதில்லை. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி. ஒரே டிரான்ஸ்பார்மர், ஒரே கட்டுப்பாட்டுச் சுற்று, இரண்டின் கலவையைப் பார்த்து ஒரே முடிவு. 5 வோல்ட்டில் பாரம் இருந்து 12 வோல்ட்டில் இல்லாவிட்டால், 5 தாழும். அதைத் தூக்கக் கட்டுப்பாட்டுச் சுற்று முயலும்போது 12 அளவுக்கு மேல் ஏறிவிடும்.

இதற்கு மேல் பிராசஸரின் குணமும் சேர்ந்துகொண்டது. 2013-இல் வந்த இந்தத் தலைமுறை ஹாஸ்வெல். வேலை இல்லாதபோது சி6, சி7 என்ற ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். அப்போது 4 பின் கனெக்டரில் வெறும் 0.05 ஆம்பியர்வரை இறங்கலாம் என்று இன்டெல் அந்த நேரத்தில் எஸ்எம்பிஎஸ் தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. அதற்கு முந்தைய விதியில் அந்தக் கம்பிக்குக் குறைந்தபட்ச பாரம் 0.5 ஆம்பியர். கணக்குப் போட்டால் 6 வாட்ஸ் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு 0.6 வாட்ஸ்தான் வருகிறது.

கருத்து சரியா என்று மல்டிமீட்டரைக் கேட்டேன். மோலக்ஸ் முனையில் கறுப்பில் ஒரு முள், மஞ்சளில் ஒரு முள் வைத்தால் 12 வோல்ட். சிவப்பில் வைத்தால் 5. கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான பொது விதியான ஏடிஎக்ஸ்படி இரண்டுமே ஐந்து சதவீதம்வரை கூடலாம், குறையலாம். 12 என்பது 11.40-இலிருந்து 12.60-க்குள், 5 என்பது 4.75-இலிருந்து 5.25-க்குள் இருக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கோடு சும்மா இருக்கும்போது 12.31, 4.96. ஹார்டு டிஸ்க் இல்லாமல் சும்மா இருக்கும்போது 12.78, 4.79. கடைசி இலக்கம் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது. பிராசஸர் முழு வேகத்தில் இருக்கும்போது 11.58, 5.16.

மூன்று வரியையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது நுகத்தடி கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது. நடு வரியில் 12 வோல்ட் எல்லையைத் தாண்டிவிட்டது, 5 வோல்ட் விளிம்பில் நிற்கிறது. மீட்டர் காட்டுவது சராசரிதான். பிராசஸர் உறங்கி விழிக்கும் அந்தக் கணத்துத் துள்ளலை அது பிடிக்காது. ஆனால் போர்டுக்குச் சராசரி போதாது. சாம்பல் நிறக் கம்பியில் ‘மின்சாரம் சரியாக இருக்கிறது’ என்று எஸ்எம்பிஎஸ் சொல்லும் சைகை ஒரு கணம் போனாலும் போர்டு ரீசெட் ஆகிவிடும்.

(பச்சைக் கம்பியையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் சோதனையையும் இடையில் செய்தேன். ஃபேன் சுற்றியது. ஃபேன் சுற்றியது என்பதைத் தவிர அதிலிருந்து எதுவும் தெரியாது. அதை நம்பி எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம்.)

கடைசிச் சோதனை இந்த மூன்று வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. 12 வோல்ட்டில் கொஞ்சம் பாரம் வேண்டும், ஹார்டு டிஸ்க்காக இருக்கக் கூடாது. பைக்கின் இண்டிகேட்டர் பல்பு 12 வோல்ட், 10 வாட்ஸ். சுமார் 0.8 ஆம்பியர் எடுக்கும். தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒன்று வாங்கி, ஹோல்டரில் மாட்டி, மோலக்ஸின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே இணைத்தேன். சூடாகும் என்பதால் கேபினெட்டுக்கு வெளியே இழுத்து, கார்த்திகைக்கு வாங்கிய மண் அகலில் வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் அகலில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. மீட்டரில் 12.24, 4.97.

இரவு முழுக்க அப்படியே விட்டேன். அணையவில்லை. காலையில் பல்பைக் கழற்றினேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் அணைந்தது. மறுபடி மாட்டினேன், மாலைவரை நின்றது. அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

இதற்குப் பணம் செலவில்லாத ஒரு வழியும் உண்டு. போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையில் சி6, சி7 ஆதரவை அணைத்துவிட்டால் பிராசஸர் அந்த ஆழத்துக்கு உறங்காது. அதைச் செய்து, பல்பு இல்லாமல் இரண்டு இரவு ஓட்டினேன். விழவில்லை. இதே தொந்தரவு இருப்பவர்கள் எதையும் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். ஆனால் எனக்கு அதோடு விட மனமில்லை. சும்மா இருக்கும்போது 12 வோல்ட் இன்னும் 12.55-இல் இருந்தது. எல்லைக்குள்தான், ஆனால் ஒரு பிள்ளை படிக்கும் மெஷினை எல்லையில் நிறுத்தி வைக்க முடியாது. உள்ளே கெப்பாசிட்டர்களுக்கும் வயதாகிவிட்டது. அவற்றை மாற்றலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நான் மூடியைத் திறக்கவில்லை. 230 வோல்ட் நேர் மின்னாக மாறும்போது உள்ளே 320-ஐத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். அதைக் கையாளப் பழகியவர்கள் செய்யட்டும்.

புதியது வாங்கப் போனபோது கடைக்காரரிடம் வாட்ஸ் கேட்கவில்லை. 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், உள்ளே டிசி டு டிசி அமைப்பா என்று கேட்டேன். டிசி டு டிசி என்றால் முதலில் 12 வோல்ட்டை மட்டும் உண்டாக்கி, அதிலிருந்து 5-ஐயும் 3.3-ஐயும் தனிச் சுற்றுகளால் செய்துகொள்ளும். நுகத்தடி கிடையாது. கிடைத்ததும் 450 வாட்ஸ்தான், பழையதும் அதே 450 என்று எழுதியிருந்ததுதான். ஆனால் இதில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 36 ஆம்பியர்.

மாட்டும்போது ஓரிடத்தில் மட்டும் நிதானித்தேன். புதியதில் பிராசஸர் கனெக்டர் 4+4 ஆகப் பிரியும். போர்டில் நான்கே ஓட்டை. ஓட்டைகளின் வடிவத்தைப் பார்த்து, சதுரத்துக்குச் சதுரம் பொருந்தும் பாதியை மாட்டினால் போதும், மறுபாதி சும்மா தொங்கட்டும். பக்கத்திலேயே கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 கனெக்டரும் அதே உருவில் இருக்கும். அதில் மஞ்சளும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். அழுத்தித் திணித்தால் நேராக ஷார்ட்தான். கேபிளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகை வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருக வேண்டாம். போர்டுப் பக்க முனைக்குத்தான் பொது விதி உண்டு, எஸ்எம்பிஎஸ் பக்க முனையை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது.

சும்மா இருக்கும்போது 12.08, 5.03. முழு வேகத்தில் 12.02, 5.02. சி6, சி7 இரண்டையும் பயாஸில் மறுபடி திறந்துவிட்டேன். ஒன்பது நாளாக ஓடுகிறது, ஒருமுறைகூட அணையவில்லை.

நேற்று அக்கா மகள் பார்க்க வந்தாள். மேசையில் கம்பியோடு கிடந்த அகலைப் பார்த்துவிட்டு, “மாமா, இதையும் கம்ப்யூட்டரோட தருவீங்களா?” என்றாள். அதற்கு இனி வேலை இல்லை என்றேன். அப்படியானால் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டாள். அந்த நோட்டை எடுத்து, மூன்று வரிகளையும் காட்டி, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். இரண்டாவது வரியில் விரல் வைத்து, “12 ஏறுறப்ப 5 இறங்குது” என்று அவளே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் அவள் வீட்டுக்குப் போகிறது. அதற்குள் பயாஸ் செல்லை மாற்ற வேண்டும், 2.7 வோல்ட்தான் காட்டுகிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் மார்க்கரால் ‘12 வோல்ட்டில் பாரம் இல்லாமல் ஓட்டாதே’ என்று எழுதி, பல்பையும் அதோடு கட்டிப் பரணில் வைத்துவிட்டேன்.