பம்புக்குக் கூரை, சார்ஜருக்குப் பனி

நோர்வேக்கு வந்த புதிதில் மாமா தந்த முதல் புத்திமதி, "கார் எடுக்கிறதெண்டால் கரண்ட் காராய் எடு தம்பி, பெற்றோலுக்குக் காசைக் கொட்டாதை" என்பதுதான். நாடே அந்தப் பக்கம்தான் போகிறது. 2024ஆம் ஆண்டு இங்கே விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய 89 சதவீதம் மின்சாரக் கார்கள். ஆனால் மாமா சொந்த வீட்டுக்காரர், வீட்டுச் சுவரிலேயே சார்ஜர் பூட்டியிருக்கிறார். நான் இன்னொருவரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவன். மாமா 2025 ஒக்டோபரில் வந்த 'நோர்வே விலை' என்ற அரசின் நிலையான மின்விலைத் திட்டத்தில் சேர்ந்து, மின்கம்பிக் கட்டணம் நீங்கலாக யூனிட்டுக்கு வரியோடு 50 ஓரே கட்டுகிறார். நான் தெருவோரத்தில் அதே யூனிட்டுக்கு ஐந்து, ஆறு குரோனர் கொடுக்கிறேன். 100 ஓரே ஒரு குரோனர். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, காசைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சார்ஜருக்குப் பொறுப்பாக அங்கே ஓர் ஆள் இல்லையே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பெற்றோல் செட், பேர்கர் கடை, சுப்பர்மார்க்கெட், மலைப்பாதைக் கோப்பிக்கடை என்று பார்க்கும் இடமெல்லாம் சார்ஜர் நிற்கிறது. கடைக்காரருக்கு அதில் இலாபம் உண்டு. அரை மணி நேரம் அங்கே மாட்டுப்பட்டவன் எப்படியும் ஒரு கோப்பியும் சொசேஜும் வாங்குவான். ஆனால் பல இடங்களில் சார்ஜர் கடையினுடையது அல்ல. வேறொரு கொம்பனி வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மூலையை எடுத்து நட்டுவிட்டுப் போயிருக்கும். கரண்ட் ஏறவில்லை என்று உள்ளே போய்ச் சொன்னால், காசு வாங்கும் பிள்ளை மிக மரியாதையாக, "அது எங்களுடையது இல்லை, அதிலே ஒரு நம்பர் இருக்கும்" என்பாள். அந்த நம்பருக்கு எடுத்தால் எங்கோ இருக்கும் ஒருவர், இங்கிருந்தே அணைத்துத் திரும்பப் போடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்பார். சில நேரம் சரிவரும். சரிவராவிட்டால் பக்கத்துச் சார்ஜருக்குப் போகச் சொல்வார். பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் மாட்டிவிட்டு எங்கேயோ போயிருப்பார். ஊரில் பெற்றோல் அடிப்பவர், காசு வாங்குபவர், ஏச்சு வாங்குபவர் எல்லாம் ஒரே ஆள். அவருடைய அருமை இங்கே வந்துதான் தெரிந்தது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பழைய பெற்றோல் செட்டுகளில் பம்புகளுக்கு மேலே பெரிய கூரை, நல்ல வெளிச்சம். சார்ஜர்களோ பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே, திறந்த வானத்தின் கீழே. இரண்டு நிமிடத்தில் போகிறவனுக்குக் கூரை, அரை மணி நேரம் நிற்கிறவனுக்குப் பனி! பனி அள்ளும் வாகனம் வழித்துத் தள்ளிய குவியல் சிலவேளை சரியாகச் சார்ஜரின் முன்னால்தான் கிடக்கும். குளிரில் கேபிள் விறைத்துப்போய், வளைக்கவே இரண்டு கையும் தோளும் வேண்டும்.

புதிதாக வந்தவனுக்கு அதற்கு முன்பே ஒரு தடை இருக்கிறது. ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒரு செயலி. ஒவ்வொன்றிலும் பதிய வேண்டும், அட்டை கொடுக்க வேண்டும். ஆளடையாள இலக்கம் கையில் வரும்வரை இங்கே வங்கிக் கணக்கு எடுப்பதே பெரும்பாடு. அது இல்லாமல் இணையத்தில் ஆளை உறுதிப்படுத்தும் பேங்க்ஐடி இல்லை, எல்லோரும் காசு அனுப்பும் விப்ஸும் இல்லை. முதல் மாதங்களில் மாமாவின் சார்ஜ் பில்லையைக் கடன் வாங்கிக்கொண்டு திரிந்தேன். மின்கார்ச் சங்கம் உறுப்பினர்களுக்குத் தரும் பில்லை அது; பல கொம்பனிகளின் சார்ஜர்களில் காட்டினால் போதும். 2023 ஜூலைக்குப் பிறகு புதிதாக வைக்கும் வேகச் சார்ஜர்களில் வங்கி அட்டையால் கட்டும் வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாம் போய் நிற்பது எப்போதும் அதற்கு முந்தியதாகத்தான் இருக்கிறது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்ஜரில் 150 கிலோவாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பற்றரி குளிர்ந்து கிடந்தால் அதில் பாதிகூட ஏறாது. போகுமுன் காரின் வழிகாட்டியில் சார்ஜரைக் குறித்துவிட்டால், அந்த வசதி உள்ள கார்கள் பற்றரியைத் தாமே சூடாக்கிக்கொள்ளும். அப்புறம், பல சார்ஜர்களில் இரண்டு கேபிள். மற்றதில் ஒருவர் வந்து மாட்டினால் உள்ள கரண்டைப் பங்கிட வேண்டியதுதான்.

வரிசை எனக்குப் புதிதல்ல. 2022இல் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்கு இரவு பகலாகக் கிடந்து, பிறகு கியூஆர் கோட்டைக் காட்டி அளந்து வாங்கிய ஆள் நான். அந்த வரிசையில் அரசியல் இருந்தது, சண்டை இருந்தது, யாரோ வீட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். ஈஸ்டர் விடுமுறையில் இங்கே ஊரே மலைவீடுகளுக்குக் கிளம்பும்போது சார்ஜரடியில் நிற்கும் வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. சொல்லப்போனால் அதை வரிசை என்றும் சொல்ல முடியாது. கார்கள் தரிப்பிடத்தில் சிதறி நிற்கும், யார் முதலில் வந்தார் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்கு வைத்திருப்பார்கள். இன்னும் எவ்வளவு நேரம் என்று முன்னால் நிற்பவரிடம் கேட்க நோர்வேக்காரருக்குக் கூச்சம். நான் போய்க் கண்ணாடியில் தட்டிக் கேட்டுவிடுவேன். 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும் என்று தெரிந்தும் நூறுவரை காத்திருந்தவர்கள், கேட்டவுடன் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். முகத்தில் கோபம்கூட இல்லை.

ஒஸ்லோவிலிருந்து ட்ரொண்ட்ஹைமுக்கு ஈ6 பாதையில் ஐந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இடையில் டோவ்ர மலையைத் தாண்ட வேண்டும், அதனால் டொம்போஸ் பக்கம் எப்படியும் ஓர் இடத்தில் நிற்போம். சார்ஜர் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். கடை இரவில் பூட்டு, கடையோடு சேர்ந்து கழிவறையும் பூட்டு. பின் இருக்கையில் சின்னப் பிள்ளை இருக்கும்போது அதன் பொருள் என்னவென்று பெற்றவர்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் வழி பார்க்கும்போது, எத்தனை கிலோவாட் என்று நான் தேடுவதற்குள் கடை எத்தனை மணிவரை என்று மனைவி கண்டுபிடித்துவிடுகிறார். அவர் சொல்லும் இடத்தில்தான் நிறுத்துகிறோம்.