லாகின் மேனேஜர் இல்லாமல் ஓப்பன்பாக்ஸ்: ஓர் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் பத்திரம் எழுதும் என் அத்தானின் அலுவலகத்தில், 2 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள பழைய கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும், சாளரங்களை நிர்வகிக்கும் ஓப்பன்பாக்ஸ் என்ற சிறு நிரலும் ஓடுகின்றன. ஆனி, ஆடிக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர் அது. ஒருவர் மட்டுமே புழங்கும் அந்தக் கணினிக்குப் பயனர் பெயரைக் கேட்பதற்கென்று தனியாக ஒரு வரைகலை நிரல் எதற்கு என்று தோன்றியதால், அந்த வேலையைச் செய்யும் லாகின் மேனேஜரை நிறுத்திவிட முடிவு செய்தோம்.

நிறுத்துவது எளிது. ரூட் (நிர்வாகி) உரிமையுடன் ‘சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் மல்டி-யூசர்.டார்கெட்’ என்ற கட்டளையை இட்டால் போதும். அங்கிருந்த லாகின் மேனேஜரான லைட்டிஎம்மை நீக்கவே வேண்டாம். அடுத்த முறை கருந்திரையில் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்து ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்டச்சிட வேண்டும். வரைகலைத் திரையைத் தரும் ‘எக்ஸ்’ நிரலைத் தொடங்கும் அந்தக் கட்டளை எக்ஸ்இனிட் பொதியில் இருக்கிறது.

பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதுபோல, ஹோம் அடைவில் ‘.எக்ஸ்இனிட்ஆர்சி’ கோப்பை உருவாக்கி, அதில் ‘எக்ஸெக் ஓப்பன்பாக்ஸ்-செஷன்’ என்ற ஒற்றை வரியை எழுதினேன். மேசைத்தளம் உடனே வந்தது. ஆனால் தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யவில்லை, ஏனென்றால் தமிழ் உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ் என்ற நிரல் தொடங்கவே இல்லை. பத்திரம் எழுதுமிடத்தில் தமிழ் வராத கணினியால் ஒரு பயனும் இல்லை.

காரணம் டெபியனின் அமைப்பில் இருக்கிறது. அங்கே ஐபஸைத் தொடங்கிவைக்கும் ஐஎம்-கான்ஃபிக், நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டிபஸ் போன்றவற்றுக்கான சிறு நிரல்கள் ‘எக்ஸ்செஷன்.டி’ அடைவில் உள்ளன. லாகின் மேனேஜர் வழியாக நுழையும்போது அவை தாமாகவே இயங்கிவிடுகின்றன, நமக்கென்று ‘.எக்ஸ்இனிட்ஆர்சி’ ஒன்று இருந்தாலோ ஸ்டார்ட்எக்ஸ் அதை மட்டுமே படித்து அவற்றைத் தொடாமல் போய்விடுகிறது. ஆகவே அந்தக் கோப்பின் பெயரை ‘.எக்ஸ்செஷன்’ என்று மாற்றினேன். உள்ளே இருந்த வரி அதேதான், தமிழ் வந்துவிட்டது. டெபியனில் இதுவே முறையான வழி என்பது என் உறுதியான கருத்து.

பிறகு, முதல் முனையத்தில் (அந்தக் கருந்திரையில்) நுழைந்தால் மட்டும் மேசைத்தளம் தானே தொடங்கும்படி ‘.ப்ரொஃபைல்’ கோப்பில் ஒரு நிபந்தனையுடன் ‘எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்’ என்று சேர்த்தேன். அந்த ‘எக்ஸெக்’ மிக முக்கியம்: அது இருந்தால் எக்ஸ் நின்றதும் முனையமும் வெளியேறி, மறுபடி கடவுச்சொல்லைக் கேட்கும், இல்லையென்றால், திரையைப் பூட்டிவிட்டுப் போனாலும் பின்னால் திறந்தே கிடக்கும் முனையத்தை யாரும் எட்டிவிடலாம். கடவுச்சொல்லே கேட்காமல் நுழையவும், முனையத்தில் பயனர் பெயரைக் கேட்கும் ‘கெட்டி’ என்ற நிரலை அமைக்கலாம். பிறருடைய சொத்து விவரங்கள் இருக்கும் கணினி என்பதால் அதை நான் செய்யவில்லை.