சேமித்த ஸ்கிரிப்ட் ஏன் ஓடமாட்டேன் என்கிறது?

ஒலுவில், வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகங்களில் இப்போதுதான் லினக்ஸில் கை வைக்கிற பிள்ளைகளுக்காக இது. கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து.

புதிதாகச் சேமிக்கும் கோப்புக்கு வழக்கமாக 644 அல்லது 664 அனுமதிதான் கிடைக்கும். வாசிக்கலாம், எழுதலாம், இயக்க முடியாது. அதனால்தான் "பெர்மிஷன் டினைட்". உங்களுக்கு மட்டும் போதுமென்றால் 'சிஎச்மோட் யூ+எக்ஸ் பிரதி', எல்லாரும் இயக்க வேண்டுமென்றால் 'சிஎச்மோட் 755 பிரதி'. ('பிரதி' என்பது இங்கே ஸ்கிரிப்டின் பெயர்; பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பின்னொட்டும் தேவையில்லை.) 777 வேண்டவே வேண்டாம். அதே கணினியில் கணக்கு வைத்திருக்கிற எவரும் உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம். அதை ஓட்டப்போவது நீங்கள். 711ம் சரிவராது: ஸ்கிரிப்டை பாஷ் (கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்) திறந்து வாசிக்க வேண்டும், மற்றவர்களுக்கோ வாசிக்கும் அனுமதி இல்லை.

ஓட்டும்போது './பிரதி' என்று புள்ளியும் சாய்கோடும் போடுங்கள். நிற்கிற அடைவை ஷெல் தானாகத் தேடாது.

அனுமதி சரியாக இருந்தும் ஓடாவிட்டால் முதல் வரியைப் பாருங்கள். ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டிய நிரலின் பாதையைச் சொல்லும் வரி அது. கோப்பின் முதல் இரண்டு பைட்டும் #! ஆக இருக்க வேண்டும்; முன்னால் ஒரு வெற்று வரிகூடக் கூடாது. அந்த வரி இல்லாவிட்டால் பாஷ் தானே அதை ஷெல் ஸ்கிரிப்டாக எடுத்து ஓட்டப் பார்க்கும். பைதான் கோப்பில் 'இம்போர்ட் ஓஎஸ்' என்று இருந்து, கணினியில் இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளும் இருந்தால் வேடிக்கைதான்: அதில் இம்போர்ட் என்றொரு கட்டளை உண்டு. மவுஸ் குறி சிலுவையாக மாறும், எங்காவது கிளிக் செய்தால் 'ஓஎஸ்' என்ற பெயரில் ஸ்கிரீன்ஷாட் ஒன்று சேமிக்கப்படும். பைதானுக்கு '#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைதான்3' என்று தொடங்குங்கள்.

கல்முனையில் கடைக் கம்பியூட்டரில் விண்டோஸில் எழுதி, பென் ட்ரைவில் கொண்டுவந்து வீட்டு உபுண்டுவில் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு தலையிடி. முதலாவது வரி முடிவு. விண்டோஸ் வரிக்கடைசியில் இரண்டு பைட் போடும், யுனிக்ஸ் ஒன்றுதான். மிச்சப்பட்டது #! வரியிலுள்ள பாதையின் வாலில் ஒட்டிக்கொள்வதால் "பேட் இன்டர்பிரட்டர்" போன்ற பிழை வரும். பாஷ் இருக்கிறது, ஆனால் லினக்ஸ் தேடுவது கண்ணுக்குத் தெரியாத எழுத்தொன்றையும் சேர்த்த பெயரை. 'ஃபைல் பிரதி' என்று கேட்டு, பதிலில் 'சிஆர்எல்எஃப்' இருந்தால் இதுதான் காரணம். 'டொஸ்2யுனிக்ஸ் பிரதி' கொடுத்தால் தீர்ந்தது. பழைய நோட்பேட் யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் மூன்று பைட் வைத்துவிடும், அப்போது #! முதலில் இல்லாமல் போகும். அதையும் இதே கட்டளை நீக்கும்.

இரண்டாவது பென் ட்ரைவ்தான். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் இயக்கும் அனுமதியைக் குறித்துவைக்க இடமே இல்லை. சிஎச்மோட் எத்தனை தரம் அடித்தாலும் மாறாது. கோப்பை வீட்டு அடைவுக்கு நகல் செய்துவிட்டு அங்கே அனுமதி கொடுங்கள். பாஷ் ஸ்கிரிப்டென்றால் அவசரத்துக்கு 'பாஷ் பிரதி' என்றே ஓட்டலாம், அதற்கு இயக்கும் அனுமதி தேவையில்லை.

ஒவ்வொரு முறையும் சிஎச்மோட் அடிக்க அலுப்பென்றால் ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் வழி உண்டு. 'ஆஃப்டர்-சேவ்-ஹூக்'இல் (சேமித்ததும் தானாக ஓடவேண்டியவற்றின் பட்டியல்) 'எக்ஸிக்யூட்டபிள்-மேக்-பஃபர்-ஃபைல்-எக்ஸிக்யூட்டபிள்-இஃப்-ஸ்கிரிப்ட்-பி' என்பதைச் சேர்த்துவிடுங்கள். பெயர் ரயில் நீளம், வேலை சின்னது: சேமித்த கோப்பு #! இல் தொடங்கினால் இயக்கும் அனுமதியைத் தானே போட்டுவிடும், மற்றக் கோப்புகளைத் தொடாது.