தையல் பிரிக்கும்வரை

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பு வந்தாலும் அப்படித்தானாம். "இவரு எங்கே சிரிக்கப்போறாரு" என்றாள் அம்மா.

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து செய்தி சேனல். ஒரே செய்தி, ஒரே கத்தல். அம்மா ரிமோட்டைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். "லேசா ஏதாச்சும் ஒரு படம் பார்த்து வை கண்ணு."

லேசான படம். யாரும் சாகக் கூடாது. அரிவாள் கூடாது. முக்கியமாக ஆஸ்பத்திரி வரக் கூடாது. தமிழில் இந்தக் கடைசி நிபந்தனையிலேயே பாதிப் படங்கள் அடிபட்டுப்போகும். இடைவேளைக்கு அப்புறம் யாராவது ஒருவர் ஐசியூ கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தே தீர வேண்டும் இவர்களுக்கு. மிஞ்சுவது காதல் காமெடிதான். அதை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதா?

கவி 'ஓ மை கடவுளே' என்கிறாள். 'லவ் டுடே' என்கிறாள். அவளுக்கென்ன, கல்யாணம் முடிந்துவிட்டது.

ஜெ. கேட்டான். இன்னும் இல்லை என்றேன்.

மார்ச் 6, வியாழன்

ஆபரேஷனில் எடுத்ததை லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இரவு எல்லோரும் தூங்கியபின் ஹெட்போன் மாட்டிக்கொண்டு 'ஓ மை கடவுளே' பார்த்தேன். அப்பாவுக்குப் போடலாமா வேண்டாமா என்று முதலில் நான் பார்த்துவிடுவது. 2020 காதலர் தினத்துக்கு வந்த படம். அப்போது ஏன் தவறவிட்டேன் என்று நினைவில்லை.

தொடக்கமே குடும்ப நீதிமன்றம். சின்ன வயதுத் தோழியைக் கல்யாணம் செய்துகொண்டு, காதல் வரவில்லை என்று விவாகரத்துக்கு நிற்கிறான் அசோக் செல்வன். கடவுளாக விஜய் சேதுபதி வந்து வாழ்க்கையை மறுபடி தொடங்க ஒரு டிக்கெட் தருகிறார். (கன்னடத்தில் எடுத்தபோது அந்தக் கடவுள் வேடத்தில் புனீத் ராஜ்குமார். அவர் 2021 அக்டோபரில் போய்விட்டார், படம் வந்தது 2022இல். அதைத் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?) ரித்திகா சிங் நன்றாகச் செய்திருக்கிறார். நாயகன்மேல் எனக்குப் பாதிப் படம்வரை எரிச்சல்தான். ஒருத்தியின் அருமை தெரிய இவனுக்குக் கடவுளே இறங்கி வர வேண்டுமாம்.

ஆனால் எம்.எஸ். பாஸ்கர். பெண்ணின் அப்பா. கழிப்பறைக் கோப்பை தயாரிக்கும் கம்பெனி நடத்துகிறார், மருமகனுக்கு அதில் தரம் சோதிக்கும் வேலை. ஊரே சிரிக்கும் வேலை. தியேட்டரும் சிரித்திருக்கும். அப்புறம் ஓரிடத்தில் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தேன் என்று அவர் அவனிடம் சொல்கிறார். என்ன சொல்கிறார் என்று எழுத மாட்டேன், பார்க்காதவர்கள் பார்க்கட்டும். அதுவரை சிரித்ததெல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது.

இதிலிருந்து எனக்கு ஒன்று பிடிபட்டது. காதல் காமெடி பார்க்கத் தகுந்ததா என்று தெரிய, காதலர்களைப் பார்த்துப் பயனில்லை. அவர்கள் சேரப்போவது போஸ்டரிலேயே இருக்கிறது. பெண்ணின் அப்பா யார் என்று பார்க்க வேண்டும். அவர் அடியாள் வைத்திருந்தால் அது அடிதடிப் படம். ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டு கடைசி ரீலில் தலையாட்டுபவர் என்றால் அந்தக் காதலில் பயப்பட ஒன்றுமில்லை, பயமில்லாத இடத்தில் சிரிப்பும் வராது. அவருக்கென்று ஓர் ஆசை, ஒரு கர்வம், ஒரு கிறுக்குத்தனம் இருக்க வேண்டும். அது இருந்துவிட்டால் மற்றதில் கொஞ்சம் தொய்வு இருந்தாலும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

மணி இரண்டு. அப்பா விழித்துத்தான் இருக்கிறார் போலிருக்கிறது. கட்டில் சத்தம்.

மார்ச் 8, சனி

'ஓ மை கடவுளே' அப்பாவுக்கு வேண்டாம். படம் நல்ல படம்தான். விவாகரத்துக் காட்சியிலேயே "இதுக்குத்தான் பெரியவங்க பார்த்துச் செய்யணும்ங்கறது" என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

'லவ் டுடே' பேச்சே கிடையாது. பெண்ணின் அப்பா சத்யராஜ் இருவரையும் உட்காரவைத்து ஒரு நாளைக்குப் போனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். இயக்குநர் பிரதீப் ரங்கநாதன் இதை முதலில் 'அப்பா லாக்' என்று குறும்படமாக எடுத்தவர். என் கணக்கில் சத்யராஜ் முழு மதிப்பெண் வாங்குவார், குரலை உயர்த்தாமலே வீட்டை நடுங்கவைக்கிறார். ஆனால் என் போன் இப்போது அப்பாவின் மாத்திரைகளுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

அத்தை வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு ஜாதகம்.

அப்பா தூங்குவதுபோல் படுத்திருந்தார்.

மார்ச் 10, திங்கள்

லேபில் "நாளைக்குக் கூப்பிடுங்க மேடம்" என்கிறார்கள். நேற்றும் இதுதான். "சாதாரணமா எல்லாருக்கும் அனுப்பறதுதான்" என்றார் டாக்டர். எல்லாருக்கும் அனுப்புவதுதான். சரி. அதைச் சொல்லும்போது ஏன் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்?

விமர்சனங்களாகப் படித்துத் தள்ளினேன். ஐந்துக்கு மூன்று. ஐந்துக்கு இரண்டே முக்கால். அந்த முக்கால் எங்கிருந்து வந்தது? 'முதல் பாதி கலகலப்பு, இரண்டாம் பாதி இழுவை' என்று எல்லாப் படத்துக்கும் ஒரே வரி. வயிற்றில் தையலோடு இருப்பவர் பார்க்கலாமா என்று ஒருவரும் எழுதவில்லை.

அம்மாதான் முடிவு சொன்னாள். "எதுக்கு இவ்வளவு ரோசனை? காதலிக்க நேரமில்லை போடு."

மார்ச் 11, செவ்வாய்

இடைவேளைவரை பார்த்தோம்.

எனக்கு ஒரே பயம் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடம்தான். அது வருமுன் நிறுத்திவிடலாம் என்று ரிமோட்டைக் கையில் வைத்திருந்தேன். அப்பா முன்னாலேயே தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். காட்சி முழுக்க அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தமே வராமல் குலுங்கினார். "நிறுத்துங்க, வலிக்கப்போகுது" என்று அம்மா அதட்டிக்கொண்டே அவளும் சிரிக்கிறாள். "நாகேஷை விடு. இந்தாளு கேக்கறான் பாரு, அதாண்டி நடிப்பு" என்றார் அப்பா. 1964 படம். இன்னும் நாகேஷைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்பா சொன்னதுதான் சரி. நாகேஷ் கதவு கிறீச்சிட்டது என்கிறார். பயப்படுவது பாலையா.

ஆழியாறு அணைப்பக்கம் வரும்போதெல்லாம் அப்பா இடம் சொன்னார். அணைக்கு எங்களைக் கூட்டிப்போன கதையும் வந்தது.

என் கணக்குக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் இதுதான் முதல் படம், முத்துராமனும் ராஜஸ்ரீயும் துறுதுறு என்று இருக்கிறார்கள், விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டுக்குப் பாட்டு அடிக்கிறார்கள். இருந்தும் படத்தைத் தாங்குவது பெண்களின் அப்பாவான அந்த எஸ்டேட் முதலாளி பாலையாதான். வேலை போன அசோக் (ரவிச்சந்திரன்) பங்களாவுக்கு எதிரே கூடாரம் போட்டுக் கத்தும்போது அவன் வெறும் பயல். பெரிய இடத்துப் பிள்ளை என்று காதில் விழுந்ததும் 'அசோகர்' ஆகிவிடுகிறார். இவ்வளவு பணத்தாசை பிடித்த மனிதர்மேல் ஏன் கோபமே வரவில்லை? மகன் நாகேஷ் படம் எடுக்கிறேன், ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று ஊரைச் சுற்றுவதைச் சகித்துக்கொண்டு இருப்பதாலோ என்னவோ. திட்டுகிறார், கத்துகிறார், கதையும் உட்கார்ந்து கேட்கிறார்.

ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் சேர்ந்து அவரிடம்தான் பொய் சொல்கிறார்கள். நண்பனுக்குத் தாடி ஒட்டிப் பணக்கார அப்பாவாக்கிக் கூட்டி வருகிறான் அசோக். அந்தக் கிழவர் வேடத்தில் இருப்பவன் இன்னொரு மகளின் காதலன். வீட்டில் உண்மை தெரியாத ஒரே ஆள் வீட்டுக்காரர். சின்ன வயதில் பார்த்தபோது இது வேடிக்கையாக இருந்தது.

மாத்திரை நேரம் என்று நிறுத்தினோம். அப்பா திரையைப் பார்த்தபடியே கேட்டார். "அந்தப் பையன் நேரா வந்து கேட்டிருந்தா, இந்தாளு குடுத்திருப்பானா?"

"குடுத்திருந்தா படம் ஏதுங்க" என்றாள் அம்மா.

நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

மார்ச் 12, புதன் காலை

தூக்கமில்லை. சும்மா கேட்டாரா?

அதே நாள், மாலை

நாளை பத்து மணிக்குத் தையல் பிரிக்கிறார்கள். ரிப்போர்ட்டும் அங்கேயே கையில் கிடைக்குமாம். மீதிப் படத்தை இன்றைக்கே பார்த்துவிடலாம் என்கிறார் அப்பா. நாளைக்கு வந்து நிம்மதியாகப் பார்க்கலாம் என்கிறாள் அம்மா. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். மீதியில் அந்த நண்பனின் நிஜ அப்பாவாக வி.எஸ். ராகவன் வர வேண்டும், குட்டு உடைய வேண்டும். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இன்றைக்கே என்று சொல்லிவிட்டேன்.

ஜெ. மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான். அப்புறம் பேசுகிறேன் என்று மெசேஜ் போட்டேன்.

ரிப்போர்ட் வாங்க அப்பாவின் ஆதார் நகல் வேண்டுமாம், இப்போதுதான் சொல்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டு மணிக்கெல்லாம் ஷட்டரை இழுத்துவிடுவார்.