தாயத்தும் முக்காடும்

மகளுக்குப் பிரெவே தேர்வு, அதாவது இங்குள்ள நடுநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வு, நெருங்கிய நேரத்தில், காரைக்காலிலிருந்து பாரிசுக்கு வந்த உறவினர் ஒருவரிடம் என் உம்மா ஒரு தாயத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். மஸ்தான் சாஹிப் வலியுல்லாஹ் தர்காவில் வைத்து ஓதி, வெள்ளிக் கூட்டில் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்தது. மகள் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். மறுபடி அதே உறையில் போட்டு மூடினாள். "உம்மம்மா மனசு நோக வேண்டாம், ஆனால் இது ஷிர்க்" என்றாள்; இறைவனுக்கு இணைவைக்கும் பாவம் என்று பொருள். சின்ன வயதில் அரைஞாணிலும் கழுத்திலும் தாயத்து மாட்டித் திரிந்த எனக்கு, ஊரையே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பியதுபோல் இருந்தது.

நாங்கள் இந்நாட்டுக்கு முற்றிலும் புதியவர்கள் அல்லர். என் கணவரின் பாட்டனார் சைகோனில் பிரெஞ்சு அரசிடம் வேலை பார்த்தவர். காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகள் 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. நான் கல்யாணம் முடித்து வந்து சேர்ந்தவள். பாரிசின் வடக்குப் புறநகரில் வீடு. லா ஷப்பெல் கடைத்தெருவில் கறிவேப்பிலை முதல் மாசிக்கருவாடு வரை கிடைத்துவிடுகிறது. பழகிவிட்டோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ரமலான் மாதத்தில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு, தூக்குச்சட்டியோடு பள்ளிவாசல் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் சத்தம் எங்கிருந்தோ காதில் விழ ஆரம்பித்தால், அடுப்பில் வைத்தது அடிப்பிடிப்பதுகூடத் தெரிவதில்லை.

மகள் மார்க்கம் படிப்பது புதன்கிழமைகளில். இதற்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1882-இல் ஜூல் ஃபெரியின் கல்விச் சட்டம், அரசுப் பள்ளியிலிருந்து மதபோதனையை வெளியேற்றியபோது, பெற்றோர் விரும்பினால் பிள்ளைகளுக்கு வெளியே மதக்கல்வி கொடுத்துக்கொள்ளட்டும் என்று ஞாயிறு நீங்கலாக வாரத்தில் ஒரு நாளை விட்டுவைத்தது. நெடுங்காலம் வியாழனாக இருந்த அந்த நாள் 1972-இல் புதனுக்கு மாறியது. தேவாலயப் பாடத்துக்கென்று பிறந்த அந்த ஓய்வுப் பொழுதில்தான், புறநகரப் பிள்ளைகள் பலர் இன்று நீச்சலுக்கும் கால்பந்துக்கும் நடுவே குர்ஆன் வகுப்புக்கும் ஓடுகிறார்கள்.

வகுப்பு நடத்துபவர் மொரோக்கோக்காரர். அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ என்று ஆலிம்சாவின் பிரம்புக்குப் பயந்து ராகம் போட்டு ஓதிய நாங்கள் எங்கே, பலகையில் பிரெஞ்சில் விளக்கம் எழுதி, கேள்வி கேட்கச் சொல்லித் தூண்டும் அவர் எங்கே! அவர்கள் ஊர்க் குர்ஆன் பிரதியில் ஃபே எழுத்துக்குப் புள்ளி கீழே இருக்கிறது; மேலே ஒற்றைப் புள்ளியோடு நம் கண்ணுக்கு ஃபேயாகத் தெரிவது அங்கே காஃப். தொழுகையில் அவர்களில் பலர் மாலிகி என்னும் சட்டப்பிரிவின் வழக்கப்படி கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். எங்கள் வீடு ஷாஃபிஈ என்னும் இன்னொரு பிரிவு, கை கட்டித்தான் பழக்கம். மகள் பள்ளிவாசலில் ஒருவிதமாகவும் வீட்டில் ஒருவிதமாகவும் நிற்கிறாள். அதுகூட எனக்குக் குறையில்லை. நான் அர்த்தம் தெரியாமல் குர்ஆனை முடித்து, ஊர் முழுக்க நார்சா என்னும் இனிப்புக் கொடுத்தவள். அவள் அர்த்தம் தெரியாத ஒரு வரியையும் தாண்டிப் போகமாட்டாள்.

குறை பள்ளிக்கூட வாசலில் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதிச் சட்டப்படி, அரசுப் பள்ளி மாணவர்கள் மத அடையாளத்தைப் பளிச்சென்று காட்டும் எதையும் அணியக் கூடாது. 2023-இல் அபாயா என்னும் நீண்ட தொளதொள அங்கியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. தினமும் காலையில் என் மகள் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்று, ஊசியைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, முக்காட்டை நாலாக மடித்துப் பையின் முன்னறையில் வைத்து, கைவிரலால் முடியைக் கோதிவிட்டு உள்ளே போகிறாள். சாயங்காலம் அதே இடத்தில் அதே வேலை தலைகீழாக நடக்கும். பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சட்டம் இல்லை என்பதால், படித்து முடிக்கும் அவசரம் அவளுக்கு என்னைவிட அதிகம். தனியார் பள்ளியையும் யோசித்தோம். ஆனால் இப்னு ருஷ்தின் பெயரில் லீல் நகரில் நடக்கும் அவெரோயெஸ் முஸ்லிம் பள்ளியோடு செய்த நிதியுதவி ஒப்பந்தத்தை அரசு 2023 இறுதியில் முறித்ததும், 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ததும் செய்தியில் வந்தபோது, இந்த இழுபறிக்குள் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவானேன் என்று கணவர் ஒதுங்கிவிட்டார்.

சட்டம் விட்டுவைத்தவையும் உண்டு. கண்ணை உறுத்தாத சின்னப் பதக்கங்களுக்குத் தடையில்லை: சிறு சிலுவை, தாவீதின் நட்சத்திரம், கண்ணேறு படாமலிருக்க மாட்டும் பாத்திமாவின் கை. ஒருநாள் ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "அந்தக் கைப் பதக்கத்தையாவது போட்டுக்கொள்ளேன்" என்றேன். "அதுவும் தாயத்துதானே, உம்மா" என்றாள். ஆக, அவள் கடமை என்று நம்புவதை இந்த அரசு கழற்றச் சொல்கிறது. மூடநம்பிக்கை என்று அவள் ஒதுக்குவதைத் தாராளமாக மாட்டிக்கொள்ளச் சொல்கிறது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருவரும் சிரித்தோம்.

இத்தனைக்கும் பாரிஸ்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது, சென்ற கோடையில் ஊருக்குப் போகும்வரை. தர்காவின் கந்தூரி விழா ஊர்வலத்துக்குப் பல்லக்கும் ரதங்களும் தயாராகும் அதே தெருவில், பெண்களுக்கு மார்க்கம் கற்றுத்தரும் ஆலிமா வகுப்புக்குப் போகும் என் நானாவின் (அண்ணனின்) மகள், மௌலிது என்னும் புகழ்ப்பா ஓதுவதும் கூடாது, தாயத்தும் கூடாது என்று சுத்தமான தமிழில் ஆதாரம் சொன்னாள். இரண்டு பெண்களும் திண்ணையில் உட்கார்ந்து, ஒருத்தி பிரெஞ்சில் படித்ததையும் மற்றவள் தமிழில் படித்ததையும் ஒப்பிட்டு, கடைசியில் என் உம்மாவிடம் திரும்பினார்கள். உம்மா வெற்றிலையை மடித்தபடி, "நாங்க வெள்ளைத் துப்பட்டி போட்ட காலத்துல உங்க கறுப்புப் பர்தாவே கிடையாது, அது வளைகுடாப் பணத்தோட வந்து இறங்குனது, நானும் மறுவார்த்தை பேசாம மாத்திக்கிட்டேன்" என்றார். பிறகு தாயத்து இருந்த அந்த உறையைத் தன் சுருக்குப் பையில் முடிந்துகொண்டு, பரீட்சையில் எத்தனை மார்க்கு என்று பேத்தியிடம் கேட்டார்.